முழவின் மண்ணும் அலகின் எண்ணும்: ஆவணக் களஞ்சியங்களில் இசையாராய்ச்சி

இசையை முத்தமிழுள் ஒன்றாக வைத்து எண்ணியது நம் முன்னோர் மரபு. அதனை மூன்றாகப் பகுத்து மூன்று அடுக்குகளில் வைத்திருப்பது இற்றைப் பல்கலைக்கழக நூலக மரபு. யாழைப் பற்றிய நூல் தமிழ்த்துறை அடுக்கில் இருக்கும்; சுருதிக் கணக்கைப் பற்றிய நூல் இசைத்துறை அடுக்கில் இருக்கும்; மிருதங்கத்தின் தோல் எவ்வாறு அதிர்கின்றது என்னும் கட்டுரையோ பௌதிகத் துறையின் பழைய இதழ்க் கட்டுகளுக்குள் கிடக்கும். மூன்றையும் ஒருவரே எடுத்துப் பார்ப்பது அரிது. பாராமையால் வரும் இழப்பும் சிறிதன்று. பார்த்தவர் ஒன்றன் முடிவை மற்றொன்றன்மேல் மிகையாக ஏற்றுவதால் வரும் பிழையும் சிறிதன்று. இவ்விரண்டனையும் இரண்டு எடுத்துக்காட்டுகளால் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஒன்று முழவின் மார்ச்சனை பற்றியது. மற்றொன்று அலகு பற்றியது.

சர். சி. வி. இராமன் என்றவுடன் ஒளிச்சிதறலும் 1930-ஆம் ஆண்டு நோபெல் பரிசுமே கற்றோர்க்கும் நினைவுக்கு வரும். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888-இல் பிறந்த அவர், 1907 முதல் பத்தாண்டுக் காலம் அரசின் நிதித்துறையில் அலுவலராக இருந்துகொண்டே, கல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கூடத்தில் அலுவல் நேரத்திற்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்தார். அவ்வாய்வுகளிற் பெரும்பகுதி ஒலிநூலைச் சார்ந்தது என்பதைப் பலர் அறியார். அவர் பிறந்த நூற்றாண்டாகிய 1988-இல் அவருடைய கட்டுரைகள் ஆறு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் ஒரு தொகுதி முழுவதும் ஒலி பற்றியது. அத்தொகுதியைப் புரட்டுவோர் அதன் பன்மையைக் கண்டு வியப்பர். வில்லிசைக் கருவிகளில் திடுமென எழும் கரகரப்பான ‘ஓநாய்ச் சுரம்’ பற்றிய கட்டுரை 1916-ஆம் ஆண்டினது. வயலின் நரம்பின் இயக்கத்தை முழுதுற ஆராயும் நீண்ட நூல் 1918-இல் வந்தது. கையால் வாசிப்பதன் ஏற்றத்தாழ்வை நீக்குதற்பொருட்டுப் பொறியால் இயங்கும் வயலினைக் கொண்டு செய்த சோதனைகள் பின்னர் வந்தன. இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் மாடத்தில் சுவரோரம் மெல்லக் கூறிய சொல் எதிர்ப்புறத்தில் கேட்கும் விந்தை, தம்புராவின் குதிரை, பண்டை இந்தியர் பெற்றிருந்த ஒலிநூலறிவு, மிருதங்கத்தின் தோல் என்பனவெல்லாம் அதே தொகுதியில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒருவர் உள்ளத்தில் ஒன்றாக இருந்தவற்றைப் பிற்காலத்து நூற்பட்டியல்கள் பலவாக்கின என்பதற்கு இத்தொகுதியே சான்று.

இவற்றுள் தமிழ் மாணவர் முதற்கண் கற்கத்தக்கது மிருதங்கம் பற்றிய ஆய்வேயாம். சிவகாளி குமார் என்பாருடன் கூடி 1920-இல் ‘நேச்சர்’ இதழில் இராமன் ஒரு குறிப்பு வெளியிட்டார். பின்பு 1934-இல், தாம் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அக்காதெமி நடவடிக்கையின் முதல் தொகுதியிலேயே அதனை விரித்தெழுதினார். பொருள் இது: வட்டமாக இழுத்துக் கட்டிய ஒரு சீரான தோலை அடித்தால், அதன்கண் எழும் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்னும் விகிதத்தில் அமையும். இவை முழுவெண் மடங்குகள் அல்ல ஆகலின் ஒன்றோடொன்று இணங்கா. வெற்றுத்தோற் பறையில் ஓசை உண்டு, சுரம் தெளிவாக இல்லை என்று நாம் உணர்வதற்குக் காரணம் இதுவே. நரம்பிலோ குழலிலோ எழும் மேற்சுரங்கள் 1, 2, 3, 4, 5 என அடிப்படைச் சுரத்தின் முழுமடங்குகளாக நிற்றலின் காதிற்கு ஒரே சுரமாக இசைகின்றன. மிருதங்கத்தின் வலந்தலை தோலேயாயினும், நரம்பைப்போல் முழுமடங்கு மேற்சுரங்களைத் தருகின்றது என்று இராமன் காட்டினார். நுண்மணலைத் தோலின்மேல் தூவி அடிக்கும்போது, அசையாத இடங்களில் மணல் சென்று கூடிக் கோடுகளாகவும் வட்டங்களாகவும் நிற்கும். அக்கணுக்கோடுகளைக் கொண்டு ஒன்பது வகை அதிர்வுகளை அவர் பிரித்தறிந்தார். அவ்வொன்பதும் சிதறி நில்லாமல் ஐந்து சுரங்களுள் அடங்கின: முதற்சுரத்திற்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு இரண்டு, நான்காவதற்கு இரண்டு, ஐந்தாவதற்கு மூன்று. தோலின் நடுவே இரும்புச்சத்துள்ள கல்லைப் பொடித்துச் சோற்றோடு குழைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்துக் காய வைக்கும் கருஞ்சோறே இவ்விணக்கத்தை உண்டாக்குகின்றது. 1954-இல் பெங்களூரில் இராமகிருஷ்ணா, சோந்தி என்னும் இருவர், நடுவிடம் அடர்ந்தும் புறவிடம் அடர்த்தி குறைந்தும் உள்ள தோலாகக் கொண்டு கணித்தபோதும் இம்முடிவோடு பெரிதும் ஒத்த முடிவே கிடைத்தது.

ஒரு விரலால் தோலை மெல்லத் தொட்டவாறு மற்றொரு விரலால் விளிம்பில் அடிக்கும் மிருதங்கக் கலைஞரின் வழக்கத்திற்கும் இக்கட்டுரை காரணம் காட்டுகின்றது. தொட்ட விரல் அடிப்படை அதிர்வை அடக்கிவிட, இரண்டாம் சுரம் தனித்தெழுகின்றது. ஆசிரியர் வாய்மொழியாகப் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிக் கொடுத்த விரல்நிலைக்குள் இத்துணை நுட்பம் பொதிந்துள்ளது என்பதைப் பௌதிக நூலார் வாயிலாக அறிதல் நமக்கு மகிழ்ச்சியே.

இம்மகிழ்ச்சியில்தான் பிழை நுழைய இடமுண்டு. சங்க நூல்களில் முழவிற்கு ‘மண்’ என்பது அடையாக வருதலும், உரைகாரர் அதற்கு மார்ச்சனை எனப் பொருள் கூறுதலும் தமிழ் பயின்றார் அனைவரும் அறிந்தவை. இராமன் கட்டுரையைக் கண்ட ஒருவர், ‘சங்ககால முழவிலும் மண் இருந்தது, மண் இருந்தமையால் முழுமடங்கு மேற்சுரங்களும் இருந்தன, ஆகவே இருபதாம் நூற்றாண்டுப் பௌதிகம் கண்ட உண்மையைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர்’ என்று மூன்றே அடியில் முடிவுக்கு வந்துவிடக்கூடும். இவ்வாறு கூறுவார் கூற்று மேடைக்கு ஏற்கும், ஆராய்ச்சிக்கு ஏலாது. என்னை? இராமன் ஆராய்ந்தது வலந்தலையின் நிலையான கருஞ்சோறு. அது பல நாள் கிடக்கும். நடுவில் தடித்தும் விளிம்பு நோக்கி மெலிந்தும் அளவறிந்து ஏற்றப்பெற்றது. இணக்கம் பிறப்பது வெறும் பூச்சால் அன்று, பூச்சின் அகலமும் கனமும் தோலின் அளவோடு பொருந்துவதால். மிருதங்கத்தின் இடந்தலையிலோ, வாசிக்கும் நேரத்தில் ரவையையோ மாவையோ நீரிற் குழைத்து அப்பி, வாசித்து முடிந்தபின் சுரண்டி எடுத்துவிடுவர். அது சுரத்தைத் தாழ்த்திக் கனத்த ஓசை தருவதற்காக இடப்பெறுவது. ஆகவே, சங்ககால முழவின் மண் இவ்விரண்டனுள் எதனைப் போன்றது என்பதே முதலில் எழ வேண்டிய வினா.

இவ்வினாவிற்கு விடைகாணப் பௌதிகம் உதவாது, இலக்கியமே உதவும். புறநானூற்றின் 65-ஆம் பாட்டு, சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் நாணி வடக்கிருந்த துயரைக் கழாத்தலையார் பாடியது. ஊரில் வழக்கமான செயல்களெல்லாம் நின்றுபோயின என்பதை ஒவ்வொரு பொருளும் தனக்குரியதை மறந்ததாகக் கூறிச் செல்கின்றார் புலவர். முழவு மறந்தது மண்ணை, யாழ் மறந்தது பண்ணை. யாழுக்குப் பண் என்பது ஒவ்வொரு முறையும் நரம்பைச் சீர்செய்து எழுப்புவது. யாழோடு ஒட்டிக் கிடப்பதன்று. அவ்வாறே முழவு மண்ணை மறந்தது என்றால், மண்ணும் ஒவ்வொரு முறையும் புதிதாக இடப்பெறுவதாதல் வேண்டும். நிலையாகக் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் கருஞ்சோற்றை முழவு மறத்தல் இயலாது. அன்றியும், ‘மண்’ என்னும் சொல்லே ஈரமாகக் குழைத்து அப்பும் பொருளைச் சுட்டுவதற்கு இயல்பாகப் பொருந்துகின்றது. ஆகவே சங்ககாலத்து மண், இடந்தலையின் ரவைப் பூச்சிற்கு நெருங்கியது எனக் கருத இடமுண்டு. ஓரிடத்துச் சான்று கொண்டு முடிந்த முடிபாக இதனைக் கூறோம். பாணர் கையிற் சென்ற முழவுகள் பலவகையின. எனினும் வலந்தலை பற்றிய 1934-ஆம் ஆண்டுக் கட்டுரையை அப்பாட்டிற்கு உரையாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பது மட்டும் தெளிவு. கருஞ்சோறு எக்காலத்தில் நிலைபேறு பெற்றது என்பதே தமிழ் மாணவர் தேடற்குரிய வரலாறு. அதற்கு உரைகளும் நிகண்டுகளும் கோயிற் சிற்பங்களும் ஒருங்கே வேண்டும்.

தம்புரா பற்றிய 1921-ஆம் ஆண்டுக் குறிப்பும் இத்தகையதே. ஒரு நரம்பை எவ்விடத்தில் மீட்டுகின்றோமோ அவ்விடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரம் எழாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பார் வகுத்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அவ்விதி பொய்த்துப் போகின்றது என்றும், நரம்பு தட்டையாக வளைந்த குதிரையின்மேல் படிந்து படிந்து எழுவதே அதற்குக் காரணம் என்றும் இராமன் கண்டார். தம்புராவில் குதிரைக்கும் நரம்பிற்கும் இடையே நூலிழை செருகும் வழக்கம் இதன்பாற்படும். அருமையான ஆய்வு, ஆனால் இதனை யாழுக்கு ஏற்றுதல் கூடாது. வில்யாழ் முதலியவற்றில் நரம்பு அகன்ற குதிரைமேற் படிவதில்லை. வீணையின் இனிமையைக் கொண்டு யாழின் இனிமையை அளக்கப் புகுவார் இதனை நினைவிற் கொள்க.

இனி அலகுக்கு வருவோம். சிலப்பதிகார உரைகள், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு பகுத்து, மொத்தம் 22 என்கின்றன. தஞ்சையில் மருத்துவராக விளங்கிய ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ ஆயிரத்திற்கு மேற்பட்ட பக்கங்களில் இக்கணக்கை மறுத்தாராய்ந்தது. 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி மாநாடுகள் கூட்டியும், 1916-இல் பரோடாவில் நடந்த இசை மாநாட்டில் வீணையில் இசைத்துக் காட்டச் செய்தும் அவர் நிலைநாட்ட முயன்றது, அலகுகள் ஒத்த அளவின, அவை 24 என்பது. 22 என்னும் எண், வட்டப்பாலையில் இரண்டு அலகு குறைத்து இசைத்ததன் வழிவந்தது என்பது அவர் விளக்கம். விபுலானந்த அடிகளோ, இலங்கையின் காரைதீவிற் பிறந்து, அறிவியற் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947-இல் வெளியிட்ட அவருடைய ‘யாழ்நூல்’, 22 என்னும் எண்ணை ஏற்று, அலகுகள் ஒத்த அளவின அல்ல என்று கொண்டு, ஒவ்வொரு நரம்பின் நிலையையும் பின்ன அளவால் நிறுவுகின்றது. நூல் அரங்கேறிய அடுத்த திங்களே அடிகள் மறைந்தமையால், எழுந்த ஐயங்களுக்கு அவரே விடைகூறும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

இருவரும் முரண்பட்டார் என்று மட்டும் கூறிச் செல்வது நம் ஆய்வேடுகளின் வழக்கம். எங்கே முரண்பட்டார் என்பதை எண்ணால் காணல் நன்று. குரலை ஒரு நொடிக்கு 240 அதிர்வு எனக் கொள்வோம். காது இணக்கமாக ஏற்கும் இளி, குரலுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 360. உரை கூறும் பகுப்பின்படி குரலிலிருந்து இளி 13 அலகு தொலைவில் நிற்கின்றது. 22 அலகும் ஒத்த அளவின என்றால் இளி 361.5 ஆகும், ஒன்றரை அதிர்வு மிகும். தேர்ந்த செவி இதனைப் பொறாது. ஆகவே ‘22’, ‘ஒத்த அளவு’ என்னும் இரண்டனுள் ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும். பண்டிதர் ஒத்த அளவைக் காத்துக்கொண்டு எண்ணைக் கைவிட்டார். அடிகள் எண்ணைக் காத்துக்கொண்டு ஒத்த அளவைக் கைவிட்டார். ஒரே முட்டுப்பாட்டிலிருந்து இருவரும் எதிரெதிர்த் திசையில் சென்றனர் என்க. பண்டிதர் கணக்கில், 24-இல் 14 அலகு சென்றால் இளி 359.6 ஆகும், குறைவு அரை அதிர்வுக்கும் கீழ். இளியை மட்டும் வைத்துச் சோதித்தால் பண்டிதரை மறுத்தல் அரிது. பரோடாவில் வீணையில் எது இசைக்கப்பட்டாலும், இளியைக் கொண்டு அவ்வழக்கு முடிவுபெற்றிராது. மூன்றாம் நிலையாகிய அந்தர காந்தாரத்தில்தான் வேறுபாடு வெளிப்படும்: பின்ன அளவால் 300, பண்டிதர் அளவால் 302.4. இரண்டரை அதிர்வு வேறுபாடு தம்புரா ஒலிக்கும் அரங்கில் நன்கு கேட்கும்.

ஆயினும் இதனைக் கொண்டு அடிகளுக்கே வெற்றி என்று கூறிவிடல் இயலாது. நின்ற நரம்பிற்கு மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது பழைய இசையிலக்கணம். மூன்றாம் நரம்பு பகை எனின், அதனை 300 என்னும் இணக்க அளவில் பண்டையோர் நிறுத்தினர் என்பதற்குச் சான்று எங்கே? இற்றைத் தம்புராச் செவியால் பண்டை யாழை அளக்கின்றோமோ என்னும் ஐயம் இவ்விடத்தில் எழவே செய்யும். பண்டிதர் பக்கத்திலும் ஒரு நெகிழ்ச்சி உண்டு. வட்டப்பாலையில் பன்னிரண்டு இராசிகள் வட்டமாக மூடி நிற்பதைக் கொண்டு, இளி வழியே பன்னிரண்டு முறை சென்றால் தொடங்கிய இடத்திற்கே வருதல் வேண்டும், ஆகவே படிகள் ஒத்தன என்பது அவர் வாதத்தின் உயிர்நிலை. ஒன்றரை மடங்காகப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வரும், ஏழு தானம் ஏறிய குரலோ 128. வட்டம் தானே மூடாது. மூடுவதற்கு ஒவ்வொரு இளியையும் சிறிது குறைத்தாக வேண்டும். வட்டம் என்பது பாலைகள் திரியும் முறையை மாணவர்க்கு உணர்த்த வகுத்த வரைபடம். நரம்பின் நுண்ணளவைக் காட்டும் கருவி எனக் கொள்ளற்கு உரையில் இடம் காணோம். நூலின் பரப்பும் ஆசிரியரின் உழைப்பும் ஒப்பற்றவை; ஆனால் அத்துணைப் பெரிய மாளிகை இம்மெல்லிய தூணின்மேல் நிற்கின்றது.

ஒன்று குறிக்கத்தக்கது. பண்டிதரும் இராமனும் ஒரே காலத்தவர். தஞ்சையில் சுருதிக் கணக்கு அச்சேறிய மறு ஆண்டே கல்கத்தாவில் வயலின் நரம்பு பற்றிய பெருநூல் அச்சேறியது. தஞ்சையில் அளக்கும் கருவி இல்லை. கல்கத்தாவில் அடியார்க்கு நல்லார் உரை இல்லை. இருவர் நூலும் இன்றும் ஒரே பல்கலைக்கழகத்தின் இருவேறு கட்டடங்களில் இருத்தல் கூடும்.

மின்னெண் வடிவில் பழைய இதழ்கள் வெளிவந்துள்ள இக்காலத்தில் இவ்விடைவெளி நீங்கியிருத்தல் வேண்டும். இராமனின் கட்டுரைகள் பெங்களூரில் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தின் மின்களஞ்சியத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. ஆயினும் ‘மார்ச்சனை’ என்று தேடுவார்க்கு அவை கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் தேடுவார்க்கு யாழ்நூல் கிடைப்பதில்லை. கட்டடச் சுவர் போய்ச் சொற்சுவர் எழுந்துள்ளது. ஆசிரியர் பெயராலும் துறையாலும் மட்டுமன்றிக் கருவியின் பெயராலும் ஓர் அடைவு வேண்டும்: முழவு, மத்தளம், மிருதங்கம், மார்ச்சனை, கருஞ்சோறு என்னும் தலைப்புகளின்கீழ் இலக்கியச் சான்று, உரை, அளவாய்வு, ஒலிப்பதிவு ஆகிய நான்கும் ஒருங்கே நிற்பது. ஒலிப்பதிவை நாம் வேண்டுமென்றே சேர்த்தோம். ஆர்னல்டு பேக் என்னும் டச்சு அறிஞர் 1938-இல் தென்னாட்டில் பதிவு செய்த ஒலிகளை எடுத்துக்கொண்டு, 1984-இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் அவ்விடங்களுக்கே சென்று ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பதிவு களஞ்சியத்தில் இருந்தமையால் அன்றோ அவ்வொப்பீடு இயன்றது! நம் துறைகளில் தட்டச்சுப் படியாகவே நின்றுவிட்ட இசை ஆய்வேடுகளோடு சேர்ந்து வைக்கப்பெற்ற ஒலிநாடாக்கள் எந்நிலையில் உள்ளன என்பதை அவ்வத் துறையினரே பார்த்தல் வேண்டும்.

அடைவு அமையும் வரையிலும் செய்யத்தக்க வேலை ஒன்று கையருகே உள்ளது. வலந்தலைக்கு 1934-இல் செய்தவாறே இடந்தலைக்கும் மணல் தூவிப் பார்த்தல் வேண்டும்: பூச்சு இடுவதற்கு முன் ஒருமுறை, ஈரமாக இட்டபின் ஒருமுறை, அது காயத் தொடங்கியபின் ஒருமுறை, கோதுமை ரவைக்கு மாறாகக் களிமண்ணையே குழைத்து இட்டு மேலும் ஒருமுறை. பௌதிகத் துறை மாணவர் ஒருவரும் தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் ஒரு மிருதங்கக் கலைஞருடன் கூடினால் சில நாளில் முடியும் வேலை இது. கழாத்தலையார் பாடிய முழவின் ஓசையைப் பற்றி எதுவும் கூறுமுன் அவ்வளவுகள் நம் கையில் இருத்தல் வேண்டும்.